‘சமாளிக்குது’ என்று பெயர் வைத்தவர்

அன்னூரில் என் தம்பி வீட்டில் காதுகுத்து விருந்து. பந்தி பரபரப்பாக நடந்துகொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. என் தோழி பானுவின் கணவர் இக்பால் அழைத்தார். ஒலிபெருக்கியில் பாட்டு, சாம்பார் வாளியோடு ஓடுகிறவர்களின் கூச்சல். ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறுகாதில் பேசியை வைத்தேன்.

“பானு போயிட்டாளுங்க,” என்றார்.

“எங்கீங்க போயிருக்காங்க?” என்று கேட்டேன்.

எனக்கு நிஜமாகவே அப்படித்தான் புரிந்தது. ஷகிலா பானு எப்போதும் எங்காவது போய்க்கொண்டிருப்பவர். காலையில் கோட்டைமேட்டு வீட்டில் இருப்பார், மத்தியானம் வால்பாறையிலிருந்து மழையைப் படம் பிடித்து அனுப்புவார். “அல்லாகிட்டீங்க,” என்றார் இக்பால்.

அடக்கத்துக்குப் போயிருந்தபோது அவரே இதை உறவினர்களிடம் சொன்னார். “போயிட்டாள்னு நான் சொல்றேன், கலா மேடம் எங்கன்னு கேக்கறாங்க. அவ இருந்தா இதுக்கே ஒரு வாரம் சிரிச்சிருப்பா.” அழுதுகொண்டிருந்த வீடு அப்போது சிரித்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். இதைப் படிக்கிற பலரும் பானுவோடு வேலை செய்தவர்கள், அல்லது அவர் வாதத்தில் மாட்டியவர்கள். அந்தச் சிரிப்பு அவருக்குப் பொருத்தமான மரியாதைதான் என்று நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

நானும் பானுவும் துடியலூரில் இருந்த ஒரு தொழிற்சாலையில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். மோட்டார், ஜெனரேட்டர் ஆகியவற்றை இயக்கும் கட்டுப்பாட்டுப் பேனல்கள் செய்கிற இடம் அது. நேர்முகத் தேர்வுக்குக் காத்திருந்த பெண்கள் நாங்கள் இருவர் மட்டுமே. பானு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “ஏனுங் அம்மணி, ஒருத்தரத்தான் எடுப்பாங்களாம். உங்களுக்குக் கெடச்சா நான் சந்தோசமாப் போயிருவேன். எனக்குக் கெடச்சா நீங்க அழக்கூடாது, சரிங்களா?” என்றார். இருவரையும் எடுத்தார்கள். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை அவர் எனக்கு ‘ங்க’ போட்டுத்தான் பேசினார், நானும் அப்படியே. ஆனால் என் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது மட்டும் எந்த மரியாதையும் பார்க்க மாட்டார். நான் கொண்டுபோகும் வெல்லப் பலகாரமான கச்சாயத்தை நான் ஒரு நாளும் முழுதாகத் தின்றதில்லை.

பிறகு எங்கள் இருவரையும் சேர்த்து ஒரு சின்னப் பிரிவாக்கினார்கள். நம்பகத்தன்மை ஆய்வு என்று கதவில் எழுதியிருந்தது. ஒரு கருவியோ ஓர் அமைப்போ எத்தனை காலம் பழுதில்லாமல் ஓடும், பழுதானால் எப்படி மீளும் என்று கணக்கிட்டுச் சொல்வது எங்கள் வேலை. அதற்கு நாங்கள் அதிகம் பயன்படுத்தியது மார்க்கோவ் மாதிரி. அதை விளக்குவது கடினமில்லை. ஓர் அமைப்பு எந்தெந்த நிலைகளில் இருக்க முடியுமோ, ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம் போட வேண்டும். ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழிக்கு அம்புக்குறி போட்டு, எவ்வளவு வேகத்தில் அது நடக்கும் என்று எழுத வேண்டும். ஒவ்வொரு வட்டத்துக்கும் அதன் பண்புகளைக் கொடுக்க வேண்டும்: அதன் பெயர் என்ன, அந்த நிலையில் அமைப்பு வேலை செய்வதாகக் கொள்வதா இல்லையா, செய்தால் முழுத் திறனா பாதித் திறனா, தொடக்கத்தில் அமைப்பு அங்கே இருக்குமா. அதற்குமேல் கணினி கணக்கிட்டுவிடும்.

எல்லோரும் அம்புகளில்தான் கவனம் வைப்போம். அவற்றில்தான் எண்கள் இருக்கின்றன. பானு வட்டங்களிலேயே உட்கார்ந்திருப்பார். “அம்ப கம்ப்யூட்டர் பாத்துக்கும்ங்க. வட்டத்துக்குள்ள நாம என்ன எழுதறமோ, அதுலதான் நம்ம யோக்கியதை இருக்குது,” என்பார்.

மென்பொருள், நிலைகளுக்குத் தானாகவே ஒன்று, இரண்டு, மூன்று என்று பெயர் கொடுக்கும். பானுவுக்கு அது பிடிக்கவில்லை. “நாலாம் நம்பர்னா என்ன தெரியுதுங்க? ஆஸ்பத்திரி ரூமா, பஸ்ஸா?” என்று கேட்டு, அவராகவே பெயர் வைக்க ஆரம்பித்தார். எல்லாம் சரியாக ஓடும் நிலைக்கு ‘நல்லாருக்குது’. முழுக்க நின்றுபோன நிலைக்கு ‘படுத்துருச்சு’. ஒரு பாகம் பழுதாகி, மிச்சத்தை வைத்து எப்படியோ ஓடிக்கொண்டிருக்கும் நிலைக்கு ‘சமாளிக்குது’. எங்களுக்குள் புழங்கத்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில் புனேயிலிருந்து ஒரு பெரிய வாடிக்கையாளர் குழு வந்தது. குடிநீர்த் திட்டத்துக்கான பம்ப் நிலையம் ஒன்றின் கணக்கை நாங்கள் திரையில் காட்ட வேண்டும். பெயர்களை மாற்ற மறந்துவிட்டோம். பெரிய திரையில், ஆங்கில எழுத்தில், அந்த மூன்று தமிழ்ச் சொற்களும் பளிச்சென்று நின்றன. எங்கள் மேலாளரின் முகம் சிவந்தது. நான் தரையைப் பார்த்தேன். குழுவின் தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நடுவில் இருக்கும் சொல் ஏதாவது சுருக்கக் குறியீடா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பானு எழுந்தார். முகத்தில் சிரிப்பே இல்லை. “இல்லீங்க சார், தமிழ் வார்த்தை,” என்று தொடங்கி, மூன்று பம்புகளில் ஒன்று நின்றால் நகரத்துக்குத் தண்ணீர் போகும், ஆனால் மேல்மாடிக்கு ஏறாது, அதுவே இந்த நிலை என்று ஆங்கிலத்தில் விளக்கினார். ‘ஓடுகிறது’ என்று எழுதினால் மேல்மாடிக்காரருக்குப் பொய் சொன்னதாகும், ‘நின்றது’ என்று எழுதினால் கீழ்வீட்டுக்காரருக்குப் பொய் சொன்னதாகும், இரண்டு பொய்க்கும் நடுவில் உண்மையான சொல் இது ஒன்றுதான் எங்களிடம் இருந்தது என்றார். அந்த மனிதர் சொல்லை வாய்க்குள் உருட்டிப் பார்த்தார். “சமாலிக்குது,” என்றார். பக்கத்தில் இருந்தவரும் சொல்லிப் பார்த்தார்.

வேலை எங்களுக்கே கிடைத்தது. அதைவிடப் பெரிய வேடிக்கை பிறகு நடந்தது. திட்டம் ஓடத் தொடங்கியபின் புனேயிலிருந்து வந்த மின்னஞ்சல்களில், இரண்டாம் பம்ப் பழுது, நிலையம் இப்போது ‘சமாலிக்குது’வில் இருக்கிறது என்று எழுத ஆரம்பித்தார்கள். பானு ஒவ்வொரு மின்னஞ்சலையும் என் மேசைக்கு வந்து உரக்கப் படித்துக் காட்டினார். மேலாளரும் வாய் பொத்திச் சிரித்துக்கொண்டே போவார்.

வேடிக்கை பேசுகிறவர் என்பதால் அவரை லேசாக எடை போட்டவர்கள் உண்டு. அவர்களில் பலர் மனம் மாறிய நாளைச் சொல்லிவிட வேண்டும்.

மேட்டுப்பாளையம் சாலையில் ஓர் அறக்கட்டளை, டயாலிசிஸ் மையம் ஒன்றைக் கட்டியிருந்தது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இயந்திரத்தின் வழியாக ரத்தத்தைச் சுத்தப்படுத்தும் இடம். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய், மாற்று மின்சாரமும் வராவிட்டால், நர்ஸுகள் ஒவ்வொரு இயந்திரத்தின் பம்பையும் கையால் சுற்றி நோயாளியின் ரத்தத்தை உடம்புக்குள் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். அதனால் இரண்டு ஜெனரேட்டர்கள் வைத்திருந்தார்கள். மின்சாரம் போனால் முதலாவது கிளம்பும். அது கிளம்பாவிட்டால் இரண்டாவது. பேனல் எங்களுடையது. மற்ற வேலையெல்லாம் ஓர் ஒப்பந்ததாரர் செய்தார். அவருடைய பொறியாளர் மோகன், வேலையைச் சுத்தமாகச் செய்கிற நடுத்தர வயதுக்காரர். திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முன் நம்பகத்தன்மைக் கணக்கைச் சரிபார்த்து நாங்கள் கையெழுத்துப் போட வேண்டும்.

மோகன் போட்டு வந்த படத்தில் மூன்று வட்டங்கள் இருந்தன. மின்சாரத்தில் ஓடுகிறது, ஜெனரேட்டரில் ஓடுகிறது, நின்றுவிட்டது. மையம் நிற்காமல் ஓடும் வாய்ப்பு எவ்வளவு என்ற விடை பிரமாதமாக வந்திருந்தது. பானு முதல் வட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

“ஏனுங் மோகன், மின்சாரம் இருக்கறப்ப ரெண்டாவது ஜெனரேட்டர் எப்படி இருக்குதுன்னு இதுல எங்கீங்க எழுதியிருக்குது?”

“அது சும்மா நிக்குதுங்க மேடம்.”

“சும்மா நிக்குதுங்களா, செத்துப் போய் நிக்குதுங்களா?”

மோகன் சிரித்தார். “எப்படி நின்னாலும் மிசின் ஓடுமில்லீங்க. மின்சாரம் வருது, பேசண்டுக்கு ஒரு குறையும் இல்ல. ரெண்டையும் ஒட்டுக்கா ஒரே வட்டத்துல போட்டா என்னங்க தப்பு?”

“இன்னைக்கு ஓடும்ங்க. நாளைக்கு?” என்றார் பானு. நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். “மார்க்கோவுக்கு ஞாபகசக்தியே கெடையாதுங்க மோகன். எந்த வழியா வந்தோம், எத்தன நாளா இப்படி இருக்கறோம், ஒண்ணும் அதுக்குத் தெரியாது. இப்ப எந்த வட்டத்துல நிக்கறமோ அது மட்டும்தான் தெரியும். நாளைக்கு நடக்கப் போறத மாத்தற விசயம் எதுவோ, அத இன்னைக்கே வட்டத்துக்குள்ள எழுதிப் போடணும். எழுதலீன்னா அது உலகத்துலயே இல்ல.”

அவர் தனி வட்டம் ஒன்றைப் போட்டார். மின்சாரம் இருக்கிறது, நோயாளிக்குக் குறையில்லை, ஆனால் இரண்டாவது ஜெனரேட்டர் யாருக்கும் தெரியாமல் செத்துக் கிடக்கிறது. “இது வேலை செய்யற நிலைதான், நான் மறுக்கல. ஓடற வட்டத்துக்கு அடிக்கற பச்சையே அடிச்சுக்குங்க. ஆனா தனியா இருக்கணும், வேற பேரு வேணும்,” என்று சொல்லிப் பெயரும் எழுதினார்: ‘நடிக்குது’. அந்த வட்டத்திலிருந்து வெளியே வர இரண்டே வழிகள்தான் இருந்தன. யாராவது சோதித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருநாள் அது தேவைப்பட்டு, ஏமாந்து தெரிந்துகொள்ள வேண்டும். மோகனின் பராமரிப்புத் திட்டத்தில் சோதனைக்கு இடமே இல்லை. மின்சாரம் போகும்போதெல்லாம் முதலாவதே கிளம்பிவிடுவதால் இரண்டாவதை யாரும் எழுப்பியதில்லை. புதிய வட்டத்தோடு கணக்கிட்டபோது விடை மளமளவென்று இறங்கியது.

எங்கள் மேலாளர் பானுவை அறைக்குக் கூப்பிட்டார். நானும் போனேன். வாடிக்கையாளர் அறக்கட்டளை, எல்லாம் நல்ல மனிதர்கள், விழா அழைப்பிதழ்கூட அச்சாகிவிட்டது, புத்தகத்தில் போட்டிருக்கிறபடி மூன்று வட்டமே போதும், எதற்குப் பிடிவாதம் என்றார். பானு அமைதியாகக் கேட்டுவிட்டு, “சார், கையெழுத்து நீங்க போடுங்க. நான் வேண்டாங்கல. ஆனா என்ற பேரு அதுல வேண்டாம்,” என்றார். மேலாளர் பேனாவை எடுத்தார், பார்த்தார், கீழே வைத்தார். பானுவின் பதவி உயர்வுக்கான பரிந்துரை அப்போது அவர் மேசையில்தான் இருந்தது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். வெளியே வந்ததும் பானு என்னிடம், “டீ குடிக்கலாம் வாங்க அம்மணி,” என்றார்.

அறக்கட்டளைத் தலைவர் நஞ்சப்பன் ஐயா எங்களைப் பார்க்கவே வந்துவிட்டார். நூற்பாலை வைத்து நடத்தி ஓய்ந்தவர், வெள்ளை வேட்டி, கையில் குடை. “ஏனுங் அம்மணி, போன வாரம் வரைக்கும் நல்லாருந்த ஜெனரேட்டரு உங்க கம்ப்யூட்டருக்குள்ள போனதும் எப்படீங்க கெட்டுப்போச்சு?” என்று கேட்டார். அவருக்குக் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

“கெட்டுப்போச்சுன்னு சொல்லலீங்க ஐயா. நல்லாருக்குதுன்னு நமக்கு எப்படித் தெரியும்னு கேக்கறேன்.”

“பேனல்ல பச்சை லைட்டு எரியுதுங்களே?”

“அது சுவிட்சு சரியான பக்கம் இருக்குதுன்னு மட்டும் சொல்லுதுங்க. எங்க பேனல்தானுங்க, அதுக்கு எவ்வளவு தெரியும்னு எனக்குத் தெரியும்.”

அவர் குடையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். “அப்ப எழுப்பிப் பாத்துப்போடலாமுங்க. அதுக்கெதுக்கு இத்தன பேரு மண்டைய ஒடைக்கறது?” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மையம் இன்னும் திறக்காததால் கட்டடத்தில் நோயாளிகள் யாரும் இல்லை. மையத்தின் பின்புறத்தில் நாங்கள் எல்லோரும் நின்றோம். மோகன் மின்சாரத்தை நிறுத்தினார். முதல் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு கிளம்பியது. கட்டடத்தில் விளக்குகள் எரிந்தன. எல்லோரும் கைதட்டினார்கள். பானுவும் தட்டினார். பிறகு, “இப்ப அத நிறுத்துங்க மோகன்,” என்றார்.

மோகன் நிறுத்தினார். விளக்குகள் அணைந்தன. இரண்டாவது ஜெனரேட்டரிலிருந்து டிக் என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. இன்னொரு டிக். அவ்வளவுதான். சாலையில் பஸ் போகிற சத்தம் கேட்டது. பேனலில், அதற்கென்று இருந்த தனிப் பேட்டரியில், பச்சை விளக்கு மட்டும் நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது. பானுவின் படத்தை ஏற்கெனவே பார்த்திருந்த நஞ்சப்பன் ஐயா அதன் அருகே போய்க் குனிந்து பார்த்தார். “அட, நடிக்கத்தாஞ் செய்யுது!” என்றார்.

கிளப்புவதற்கான பேட்டரி எப்போதோ செத்திருந்தது. மோகன் வெளிறிப்போனார். அவர் வேலைக்கு ஆபத்து வரலாம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. பானு அவரை முந்திக்கொண்டு தலைவரிடம், “ஐயா, கண்டுபிடிச்சது மோகன்தானுங்க. சுவிட்ச அவருதானே போட்டாரு. நான் சும்மா நின்னு கைதட்டினேன்,” என்றார். நஞ்சப்பன் ஐயா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வாரந்தோறும் இரண்டு ஜெனரேட்டர்களையும் எழுப்பிப் பார்ப்பது என்று அங்கேயே முடிவானது. அந்தச் சோதனையைச் சேர்த்துக் கணக்கிட்டோம், விடை மேலே ஏறியது. பானு கையெழுத்துப் போட்டார். மத்தியானம் எங்களுக்குப் பிரியாணி வந்தது. மரக்கறி மட்டும் உண்ணும் நஞ்சப்பன் ஐயா தயிர்சாதத்தோடு எங்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

சில மாதங்கள் கழித்து ஒரு பிற்பகலில் கோடைமழை கொட்டியது. மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்தது. மையத்தில் எல்லாப் படுக்கைகளிலும் ஆட்கள். முதல் ஜெனரேட்டர் கிளம்பி, டீசலில் கலந்திருந்த அழுக்கால் திணறி நின்றது. இரண்டாவது எடுத்துக்கொண்டது. மறுநாள் தலைமை நர்ஸ் பானுவை அழைத்துச் சொன்னார். பானு பேசியை எல்லோரும் கேட்கும்படி மேசையில் வைத்தார்.

“ஒரே ஒரு கம்ப்ளெயிண்டுங்க மேடம். பொள்ளாச்சி வெல்ல யாவாரி ஒருத்தரு, டிவி நின்னு நின்னு வந்துதாம், சீரியல்ல மாமியார் சொன்னத அவரு கேக்க முடியலியாம். ஒரே சண்டை!”

பானு நாற்காலியில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவரைத் தொட்டபடி நின்ற எனக்கு, அந்த நீர் முழுக்கச் சிரிப்பால் வந்ததல்ல என்று தெரிந்தது. “இந்த மாதிரி ஒரு கம்ப்ளெயிண்டு வாங்கத்தானுங்க அம்மணி நாம படிச்சது,” என்றார். அந்தப் பக்கம் டிவி சீரியலைத் தவிர வேறு ஒன்றும் நிற்கவில்லை. பதவி உயர்வு வந்தது, கொஞ்சம் தாமதமாக. பரிந்துரைத்தவர் அதே மேலாளர்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஓய்வு பெறச் சில மாதங்கள் இருந்தபோது பானுவுக்கு இதயத்தில் கோளாறு என்று தெரிந்தது. படியேறினால் மூச்சு வாங்கியது. மருத்துவர் பக்குவமாக விளக்கினார், மருந்துகளால் காலத்தைத் தள்ளலாம், ஆனால் பழையபடி ஆகாது என்றார். அன்று நானும் இக்பாலும் கூட இருந்தோம். வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்தபோது, எங்கள் தொழில் புத்தி, நான் மனதுக்குள் வட்டம் போட ஆரம்பித்துவிட்டேன். பானு என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

“எனக்குப் படம் போடாதீங்க அம்மணி.”

“இல்லீங்க, நான் சும்மா…”

“போட்டுட்டுத்தான் இருக்கறீங்க, கண்ணு மேல போகுது. எனக்கு அது செல்லாதுங்க. மிசினுக்கு ஞாபகம் கெடையாது, எப்படி வந்துச்சுன்னு அதுக்கு ஒண்ணுமில்ல. எனக்கு இருக்குதில்ல? இவர நிக்காஹ் பண்ணுனது, உங்க கச்சாயத்தத் தின்னது, புனேக்காரன் வாயில தமிழ் பட்டபாடு, எல்லாத்தையும் வெச்சுக்கிட்டுத்தான் இங்க உக்காந்திருக்கறேன். அதையெல்லாம் எந்த வட்டத்துல எழுதுவீங்க?”

இக்பால் அவருக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். பானு குடித்துவிட்டு, “மாட்டுச் சந்தை பாத்ததே இல்லீங்க நானு. பொள்ளாச்சிக்குப் போலாமா?” என்றார்.

ஓய்வு பெற்ற வாரத்தில் மூவரும் போனோம். சந்தையில் கால் வைத்ததும் பானுவுக்கு மூச்சுத் திணறல் மறந்துபோய்விட்டது. ஒவ்வொரு மாட்டிடமும் நின்றார், ஒவ்வொரு வியாபாரியிடமும் பேச்சுக் கொடுத்தார். ஓர் ஓரத்தில், இன்னும் கன்று ஈனாத இளம் பசு, காங்கேயம் கிடாரி ஒன்று அவர் துப்பட்டாவின் நுனியைப் பிடித்து மென்றது. பானு இழுத்தார். அதுவும் இழுத்தது. “இவ என்னைய வாங்கிட்டாளுங்க,” என்று அறிவித்தார்.

இக்பால் பதறினார். “கோட்டமேட்டுல எங்க கட்டறது? மாடியிலயா?”

“கலா தம்பி ஊட்டுல.”

அப்படியாக ஒரு வண்டியில் கிடாரியும், முன்னால் பேருந்தில் நாங்களுமாக அன்னூர் போய்ச் சேர்ந்தோம். என் தம்பி வாசலில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டான். “ஏனக்கா, ஒறம்பரை வந்தா பண்டம் பலகாரம் கொண்டு வருவாங்கன்னு பாத்தா, உங்க சினேகிதி மாட்ட ஓட்டிக்கிட்டு வாராங்க!” என்றான். ஆனால் கயிற்றை வாங்கியவனும் அவன்தான். அதன்பின் இரண்டு ஆண்டுகள் பானு மாதந்தோறும் அன்னூர் வந்தார். தம்பி மனைவியோடு தீவனம் கலந்தார், எனக்குத் தெரியாத வீட்டுக் கதைகளெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தன. மாடு சினையான செய்தி வந்தபோது தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார் என்று இக்பால் சொன்னார். கன்று ஈனுவதைப் பார்க்க அவர் இல்லை. சில வாரங்கள் முந்திக்கொண்டு, தூக்கத்திலேயே, வலியில்லாமல் போய்விட்டார்.

போன செவ்வாய்க்கிழமை விடிந்ததும் தம்பி கூப்பிட்டான். “கன்னு போட்டுருச்சக்கா. கெடேரி, பொட்டக் கன்னு.” நான் உடனே இக்பாலுக்குச் சொன்னேன். அடக்கத்துக்குப் பிறகு அவர் வீட்டைவிட்டு அதிகம் வெளியே வருவதில்லை என்று அவர் மகள் வருத்தப்பட்டிருந்தாள். அவரோ, “இருங்க, வாரேன்,” என்றார்.

பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்கினார். தொழுவத்தில் கன்றைப் பார்த்ததும் திகைத்து நின்றார். “தாயி வெள்ளை, இது இப்படிச் செவசெவன்னு இருக்குதுங்களே?” என்றார். காங்கேயம் கன்று பிறக்கும்போது அப்படித்தான் இருக்கும், வளர வளர நிறம் மாறும் என்று தம்பி விளக்கினான். இக்பால் குந்தி உட்கார்ந்து அதன் நெற்றியைத் தடவினார். கன்று கால் நடுங்க எழுந்து அவர் முழங்கால்மேல் சாய்ந்தது. அவர் அசையவில்லை.

பானுவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருப்பது என்னவென்று இதை எழுத உட்கார்ந்தபோது யோசித்தேன். எதையும் அது இருக்கிறபடியே பெயர் சொல்லிக் கூப்பிடும் துணிச்சலை வைத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்தவர் முகம் வாடும் இடத்தில் முந்திக்கொண்டு பேசும் அந்தக் குணத்தை, முடிந்தவரை. ஒரு வெள்ளைப் பசுவையும் ஒரு செவலைக் கன்றையும், தம்பியின் தயவில். இக்பாலையும் வைத்துக்கொண்டிருக்கிறேன். நண்பரின் கணவராகத்தான் இத்தனை வருடம் தெரியும், இப்போது நேரடியாகத் தெரியும்.

அன்று தம்பி மனைவி சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு அவித்துக் கொண்டுவந்தாள். இக்பால் வாழ்நாளில் அதைத் தின்றதில்லையாம். முதல் துண்டைச் சந்தேகத்தோடு வாயில் போட்டார். மென்றார். தட்டைத் துடைத்து முடித்துவிட்டு, சற்றுக் கூச்சத்தோடு நீட்டினார்.

“இன்னுங் கொஞ்சம் இருக்குதுங்களா?” என்றார்.